கேள்வி–பதில்: கால் நரம்பு சுருண்டால் லேசரா, பசையா, நுரையா?

கேள்வி: கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு முடிச்சு முடிச்சாக நிற்கிறது. லேசர் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். நரம்பை எரித்தால் கால் மரத்துப்போகாதா? நடை போய்விடாதா?

பதில்: இந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் நம் பேச்சு வழக்கு. ரத்தம் ஓடுவதையும் நரம்பு என்கிறோம், உணர்ச்சியைக் கடத்துவதையும் நரம்பு என்கிறோம். 'நரம்பில் ஊசி போட்டார்கள்' என்றால் சிரையில் போட்டார்கள் என்றுதான் பொருள். உங்கள் காலில் சுருண்டு கிடப்பதும் சிரைதான். கெட்ட ரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகும் குழாய் அது. அதை அடைத்தால் நடை போகாது.

அதில் ஓடிய ரத்தம் பிறகு எங்கே போகும்? காலில் சிரைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. தசைக்குள் ஓடும் ஆழ்சிரைகள்தான் கிட்டத்தட்ட 90 சதவீத ரத்தத்தை மேலே ஏற்றுகின்றன. மிச்சம், தோலுக்கு அடியில் ஓடும் மேல்சிரைகளின் பங்கு. அவற்றில் நீளமானது, கணுக்காலின் உட்புறத்தில் தொடங்கித் தொடை இடுக்கு வரை போகும் பெரிய சஃபீனஸ் சிரை. எல்லாவற்றிலும் ஆங்காங்கே ஒருவழிக் கதவுகளாக வால்வுகள் உண்டு. நடக்கும்போது கெண்டைத்தசை பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது, தள்ளியது கீழே விழாமல் வால்வு பிடித்துக்கொள்கிறது. சும்மா நிற்கும்போது கணுக்காலில் சிரை அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் இருக்கும். நடந்தால் அது 30-க்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். வால்வு ஒழுகினால் இறங்காது. மாலை வீக்கம், கணுக்கால் கறுப்பு, கடைசியில் ஆறாத புண் எல்லாம் இந்த இறங்காத அழுத்தத்தால் வருபவை.

ஆக, ஒழுகும் சிரை ரத்தத்தை மேலே கொண்டுபோகவில்லை. ஏற்றியதைக் கீழே கொட்டிக்கொண்டிருக்கிறது. அதை மூடினால் ஆழ்சிரைகளுக்குச் சுமை குறையும். ஆழ்சிரை திறந்திருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உண்மையான நரம்புக்கு ஆபத்தே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. முழங்காலுக்குக் கீழே பெரிய சஃபீனஸ் சிரையை ஒட்டியே ஓர் உணர்வு நரம்பு ஓடுகிறது. காலின் பின்பக்கச் சிறிய சஃபீனஸ் சிரைக்கும் அப்படி ஒரு துணை உண்டு. அங்கே சூடு பட்டால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மரத்துப்போகலாம். பெரும்பாலும் சில மாதங்களில் தெளியும், சிலருக்குத் தங்கிவிடும். இவை உணர்வு நரம்புகள் என்பதால் நடைக்குப் பாதிப்பு இல்லை. அனுபவசாலிகள் கணுக்கால் வரை சூடு வைக்காமல் விடுவதும் இதனால்தான்.

கேள்வி: மாலையானால் கால் கனத்து வீங்குகிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள், 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீக்கம் மட்டும் போகவில்லை.

பதில்: படுக்க வைத்து எடுத்தார்களா, நிற்க வைத்தா? படுத்திருந்தால் ரத்தத்தைக் கீழே இழுக்க எதுவும் இல்லை, ஒழுகல் ஒளிந்துகொள்ளும். ரத்த உறைவு இருக்கிறதா என்று தேடும் ஸ்கேனைப் படுக்க வைத்து எடுக்கலாம். அதில் 'ஒன்றும் இல்லை' என்றால் உறைவு இல்லை என்று மட்டும் பொருள்.

ஒழுகலைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் நிற்க வேண்டும். உடல் பாரத்தை மறுகாலில் போட்டு, பார்க்கும் காலை லேசாக மடக்கி வெளிப்புறம் திருப்பிக்கொள்ள வேண்டும். ஸ்கேன் எடுப்பவர் கெண்டைக்காலைப் பிழிந்து விடுவார். திரையில் ரத்தம் ஒரு நிறத்தில் மேலே பாயும். கையை எடுத்ததும் நின்றுவிட்டால் வால்வு நலம். எதிர் நிறத்தில் கீழே கொட்டினால் எத்தனை நொடி என்று அளப்பார்கள். மேல்சிரையில் அரை நொடிக்கு மேல் கொட்டினால் ஒழுகல். தொடை, முழங்கால் ஆழ்சிரைகளில் ஒரு நொடி வரை விடலாம்.

அறிக்கையில் இருக்க வேண்டியவை: எந்தச் சிரை, எந்த இடம் முதல் எந்த இடம் வரை ஒழுகுகிறது, எத்தனை நொடி, நின்ற நிலையில் குறுக்களவு எத்தனை மி.மீ., ஆழ்சிரை திறந்திருக்கிறதா, இரண்டு அடுக்கையும் இணைக்கும் துளைச்சிரைகள் எப்படி. 'சுருள்சிரை காணப்படுகிறது' என்று ஒற்றை வரி எழுதியிருந்தால், அது கண்ணாடி போட்டுப் பார்த்தாலே தெரியும், ஸ்கேன் எதற்கு? சிகிச்சை செய்யப்போகிறவரே ஸ்கேன் கருவியைக் கையில் பிடித்துப் பார்த்து, தோலில் பேனாவால் வரைபடம் போடுகிறார் என்றால் பாதி வேலை நன்றாக முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

நின்று எடுத்தும் ஒன்றும் இல்லையென்றால் வீக்கத்துக்கு வேறு காரணம் தேடுங்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் இருதயம், சிறுநீரகம், ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்குக் கணுக்கால் வீங்குவது சாதாரணமாக நடப்பது.

கேள்வி: ஒருவர் லேசர் என்கிறார், ஒருவர் ரேடியோ அலை என்கிறார், இன்னொருவர் பசை, நுரை என்கிறார். எதுதான் சிறந்தது?

பதில்: கருவியை வைத்துத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். எந்தச் சிரை ஒழுகுகிறது, அது நேராக ஓடுகிறதா வளைந்தா, தோலுக்கு எவ்வளவு கிட்டே, எவ்வளவு பருமன் என்பதைப் பார்த்தால் முறை தானே அமையும்.

லேசரும் ரேடியோ அலையும் சூட்டால் அடைப்பவை. முழங்கால் அருகே ஊசித் துளை வழியாக மெல்லிய இழையையோ கதீட்டர் என்னும் மெல்லிய குழாயையோ உள்ளே விட்டு, தொடை இடுக்கு வரை ஏற்றி, சூடாக்கிக்கொண்டே வெளியே இழுப்பார்கள். சிரைச் சுவரின் புரதம் சுருங்கி, குழாய் மூடிக்கொள்ளும். ரேடியோ அலைக் கதீட்டரின் முனையில் 7 செ.மீ. நீளச் சூடாக்கி உண்டு. 120 டிகிரியில் 20 நொடி, பிறகு அடுத்த துண்டு. இழுக்கும் வேகத்தைக் கருவியே கட்டிப்போட்டுவிடுவதால் கை வேறுபாடு குறைவு. லேசரில் வேகம் மருத்துவர் கையில். ஒரு செ.மீ.க்கு 70 ஜூல் கொடுக்க வேண்டும், ஆற்றல் 7 வாட் என்றால் ஒரு செ.மீ.க்கு 10 நொடி. 40 செ.மீ. சிரைக்கு 400 நொடி, அதாவது ஏழு நிமிடத்துக்குள். அவசரமாக இழுத்தால் சிரை பின்னால் திறந்துகொள்ளும், நிறுத்தி நிறுத்தி இழுத்தால் சுவர் ஓட்டையாகி ரத்தம் கன்றும். பழைய 810, 980 நானோமீட்டர் லேசர்களில் இழை முனை மொட்டையாக இருக்கும், வலியும் கன்றலும் அதிகம். இப்போதைய 1470 நானோமீட்டர் லேசர் ஒளியைச் சுற்றிலும் வளையமாகச் சிந்தும் இழையோடு வருகிறது, அதில் தொந்தரவு குறைவு. அடைப்பு நிலைப்பதில் லேசருக்கும் ரேடியோ அலைக்கும் சொல்லும்படி வித்தியாசம் கிடையாது. எதில் அவருக்குக் கை பழகியிருக்கிறதோ அதைச் செய்யட்டும்.

பசை என்பது சயனோஅக்ரிலேட், நொடியில் ஒட்டும் பசைக் குடும்பம். தொடை இடுக்கில் இந்தச் சிரை ஆழ்சிரையோடு சேரும் சந்திப்புக்கு 5 செ.மீ. கீழே தொடங்கி 0.1 மி.லி. சொட்டுகளாக விடுவார்கள். முதல் இடத்தில் 3 நிமிடம் அழுத்தம், பிறகு 3 செ.மீ.க்கு ஒரு சொட்டு, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். சூடு இல்லை, ஆகவே சிரை நெடுக மரத்துப்போக ஊசி போட வேண்டியதில்லை. நரம்பு சுடும் பயமும் இல்லை. முழங்காலுக்குக் கீழே இது வசதி. குறை என்னவென்றால் பசை உள்ளேயே தங்குகிறது. சிலருக்கு ஓரிரு வாரத்தில் சிரை ஓடிய வழியெல்லாம் சிவந்து அரிக்கும். கிருமியல்ல, ஒவ்வாமை. பெரும்பாலும் மாத்திரைக்கு அடங்கும், அபூர்வமாகச் சிரையை வெட்டி எடுக்க நேரும். செயற்கை நகம், ஒட்டு இமை வைத்துத் தோல் வெடித்தவர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நுரை ஊசி மலிவாகவும் எளிதாகவும் தெரியும், கை வேலையும் அழகு. இரண்டு சிரிஞ்சுகளை மூவழி அடைப்பானில் மாட்டி, பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்பேட் மருந்து ஒரு பங்கு, காற்று நான்கு பங்கு எடுத்து, இங்கிருந்து அங்கே 20 தடவை தள்ளினால் ஷேவிங் கிரீம் போல நுரை வரும். இத்தாலிய மருத்துவர் டெஸ்ஸாரி 2000-ல் சொன்ன முறை. நுரை ரத்தத்தைத் தள்ளிவிட்டுச் சுவரைத் தொடுவதால் கொஞ்சம் மருந்தே போதும். ஆனால் ஓரிரு நிமிடத்தில் குமிழ்கள் பெருத்துவிடும், கலக்கியதும் போட்டாக வேண்டும். ஒரே அமர்வில் 10 மி.லி.க்கு மேல் போடுவதில்லை. வளைந்து நெளிந்த கிளைகளுக்கும், முன்பு அறுவை செய்து மறுபடி வந்தவற்றுக்கும் இதுதான் கைகொடுக்கும். பருத்த பெரிய சஃபீனஸ் சிரைக்கு இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம் மிஞ்சலாம். பிரிட்டனில் 798 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் நுரையைவிட லேசரிலும் அறுவையிலும் மேலாக இருந்தது.

என் கணிப்பு: நேரான பெரிய தண்டுக்குச் சூடு, புடைத்த கிளைகளுக்கு 2–3 மி.மீ. கீறல் போட்டுக் கொக்கியால் இழுத்தெடுப்பது, மிச்ச மீதிக்கு நுரை. பெரும்பாலான கால்களுக்கு இந்தக் கலவைதான் ஒத்துவருகிறது. ஒரே கருவியை எல்லாக் காலுக்கும் விற்கிற இடத்தில் இரண்டாவது கருத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேசர் அன்று என்னதான் செய்வார்கள்? மயக்க மருந்து உண்டா?

பதில்: பொதுவாக முழு மயக்கம் தேவையில்லை. நிற்க வைத்துச் சிரையைக் குறிப்பார்கள். பிறகு படுக்க வைத்து, தலைப்பக்கம் உயர்த்திச் சிரையை நிரம்பச் செய்து, ஸ்கேன் பார்த்து ஊசி குத்துவார்கள். இழையின் முனை தொடை இடுக்குச் சந்திப்பிலிருந்து குறைந்தது 2 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். அதைவிட நெருங்கினால் ஆழ்சிரைக்குள் உறைவு எட்டிப்பார்க்கும்.

இதற்குப் பிறகு வருவதுதான் நீங்கள் உணரும் பகுதி. லிடோகெய்ன், அட்ரினலின், சோடியம் பைகார்பனேட் கலந்த குளிர்ந்த உப்புநீரைச் சிரையைச் சுற்றி, ஒரு செ.மீ.க்குச் சுமார் 10 மி.லி. வீதம் நிரப்புவார்கள். 40 செ.மீ.க்கு 400 மி.லி. தொடை விம்மி, குளிர்ந்து, குத்துகிற ஊசிகளே பெரிதாகத் தெரியும். இந்த நீர் மூன்று வேலை செய்கிறது: மரக்கச் செய்கிறது, சிரையை இழையின் மேல் அழுத்திப் பிடிக்கிறது, தோலையும் நரம்பையும் சூட்டிலிருந்து தள்ளி வைக்கிறது. ஸ்கேனில் சிரையைச் சுற்றிக் கறுப்பு வளையம் முழுமையாகத் தெரிய வேண்டும், தோலுக்கும் சிரைக்கும் இடையே ஒரு செ.மீ.யாவது இருக்க வேண்டும். தோல் சுடுவது பெரும்பாலும் இந்த நீரில் கஞ்சத்தனம் பண்ணிய இடத்தில்தான். சுடும்போது சுருக்கென்று வலித்தால் பல்லைக் கடிக்காமல் உடனே சொல்லுங்கள். அங்கே இன்னும் நீர் வேண்டும் என்று அர்த்தம்.

முடிந்ததும் கட்டு அல்லது இறுக்கக் காலுறை, உடனே 20–30 நிமிட நடை. அன்றே வீடு.

கேள்வி: லேசர் செய்து எட்டு நாள். தொடையின் உட்புறம் கயிறு போல விறைத்து இழுக்கிறது. ரத்தக்கட்டியா?

பதில்: மூடிய சிரைதான் அது. சூடு பட்ட சுவர் வீங்கி இறுகுவதால் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை இழுப்பு கூடிப் பிறகு தணியும். உடல் அதைக் கரைத்து முடிக்க ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரையும், தினமும் நடையும் போதும். முதல் வாரத்தில் ஒரு ஸ்கேன் பார்த்து, ஆழ்சிரைக்குள் உறைவு நீட்டிக்கொண்டு நிற்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். செய்தார்களா?

கெண்டைக்கால் முழுதும் வீங்கிக் கனத்து, பிழிந்தால் வலித்தால் அன்றே காட்டுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சில் குத்தல், இருமினால் ரத்தம் என்றால் அவசரப் பிரிவுக்கே போய்விட வேண்டும். நாள் கணக்கில் பயணம், நீண்ட விமானப் பயணம் இருந்தால் நான்கு வாரம் தள்ளிப்போடுவது நல்லது.

கேள்வி: நுரை ஊசி போட்ட கோடு முழுவதும் பழுப்பாகக் கறுத்துவிட்டது. களிம்பு ஏதாவது உண்டா?

பதில்: அது வெயிலில் கறுப்பது போன்றதல்ல. சிக்கிய ரத்தத்தின் இரும்பு தோலில் படிந்த கறை. வெளுப்பாக்கும் களிம்புகளால் பெரிய பயனில்லை. பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் மங்கிவிடும், சிலருக்கு நிற்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தொட்டால் கட்டியாக, நொந்துபோய் இருக்கும் இடங்களை மருத்துவரிடம் காட்டியிருந்தால், ஊசியால் குத்திக் கருந்தார் போன்ற பழைய ரத்தத்தைப் பிதுக்கி எடுத்திருப்பார். கறையும் குறைந்திருக்கும். இன்னும் கட்டியாக இருந்தால் இப்போதும் போய்க் கேளுங்கள். நுரை போட்ட உடனே கண்ணில் மின்னல் அடித்தது போல் தெரிவதும் தலைவலியும் சிலருக்கு வரும், அரைமணியில் போகும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: காலுறை போட்டால் போதாதா? எனக்கு அது மடிந்து, முழங்காலுக்குக் கீழே வெட்டுகிறது.

பதில்: காலுறை போட்டிருக்கும் வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், வால்வைச் சரிசெய்யாது. இரண்டாம் வகுப்பு என்றால் கணுக்காலில் 23 முதல் 32 மி.மீ. பாதரசம் அழுத்தம், மேலே போகப்போகக் குறையும். மடிந்தால் மடிப்பு இருக்கும் இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, கயிறு கட்டியது போலாகிவிடும். பெரும்பாலும் அளவுதான் தப்பு. காலையில் வீங்குவதற்கு முன், கணுக்காலின் மிகச் சிறுத்த இடம், கெண்டையின் மிகப் பருத்த இடம், குதிகாலில் இருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம் ஆகிய மூன்றையும் அளந்து வாங்குங்கள். நீளம் மிஞ்சினால் மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள். உள்புறம் வெளியே திருப்பி, குதிகாலைப் பொருத்திவிட்டு, ரப்பர் கையுறையோடு மேலே தடவி ஏற்றுங்கள். நடந்தால் காலில் வலி எடுத்து நிற்க வேண்டியிருக்கிறது, பாதம் குளிர்ந்திருக்கிறது என்றால் போடுவதற்கு முன்பே, காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் ஓட்டத்தைப் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்குக் கணுக்காலின் உட்புறம் இரண்டு வருடமாகப் புண். 'புண் ஆறட்டும், பிறகு லேசர்' என்கிறார்கள்.

பதில்: காத்திருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் புண் உள்ள 450 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. எல்லோருக்கும் இறுக்கக் கட்டு உண்டு. சிரையை உடனே அடைத்தவர்களுக்குப் புண் ஆற நடுமதிப்பில் 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். முதலில் கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதம் எடுக்கச் சொல்லுங்கள். 0.8-க்கு மேல் இருந்தால் முழு அழுத்தக் கட்டு போடலாம். 0.5-க்குக் கீழே என்றால் கட்டே ஆபத்து, தமனியை முதலில் பார்க்க வேண்டும். நீரிழிவுக்காரர்களுக்குத் தமனி கெட்டிப்பட்டு இந்த எண் பொய்யாக உயரும் என்பதால் எண்ணை மட்டும் நம்ப முடியாது. இரண்டு வருடப் புண் என்றால் ஓரத்திலிருந்து சதைத் துண்டு எடுத்துப் புற்றா என்று பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: இந்தச் சிரையை அழித்துவிட்டால் நாளை இருதய பைபாஸுக்கு என்ன செய்வது?

பதில்: பைபாஸுக்கு எடுப்பது நல்ல சஃபீனஸ் சிரை. பருத்து, சுவர் நைந்து ஒழுகுவது ஒட்டுக்கு நல்ல தேர்வல்ல. மறுகால் சிரை, மார்புத் தமனி, கைத் தமனி என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம்: ஒழுகாத சிரையை 'எதற்கும் இருக்கட்டும்' என்று அடைக்க விடாதீர்கள்.

கேள்வி: ஆறு மாதக் கர்ப்பம். இப்போதுதான் தொடையில் புடைக்கிறது.

பதில்: இப்போது எதையும் அடைக்க வேண்டாம். காலுறை, கால் உயர்த்தல், இடப்பக்கம் படுப்பது போதும். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் நிறையச் சுருங்கிவிடும், மிஞ்சியதை அப்போது ஸ்கேன் செய்து பார்க்கலாம். ஒரே கால் திடீரென்று வீங்கினால் மட்டும் அன்றே போங்கள்.

கேள்வி: குளித்துக்கொண்டிருக்கும்போது கணுக்கால் பக்கம் ரத்தம் பீறிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: உடனே படுத்து, காலை இருதய மட்டத்துக்கு மேலே தூக்கி, துளையின் மேல் விரலால் 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்து எட்டிப்பார்க்கக் கூடாது. தொடையில் கயிறு கட்டினால் இன்னும் பாயும். நின்றுவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள், திரும்ப வரும். ஒழுகலை அடைத்தாக வேண்டும்.

கேள்வி: மாத்திரையால் கரையாதா?

பதில்: கரையாது. டயோஸ்மின் வகை மாத்திரைகள் கனம், குடைச்சல், வீக்கத்தைக் குறைக்கலாம். வால்வைத் தைக்க மாத்திரை இல்லை.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் லேசர் செய்தேன். அதே காலில் மறுபடி சுருண்டுவிட்டது. சிகிச்சை தோற்றுவிட்டதா?

பதில்: நாலு விதமாக இது நடக்கும். அடைத்த சிரையே திறந்திருக்கலாம், சூடு குறைந்திருந்தால் அப்படி ஆகும். அடைத்தது அடைத்தபடி இருக்க, தொடை முன்புறம் ஓடும் துணைச் சிரை அன்று கண்ணில் படாமல் விட்டுப்போயிருக்கலாம். அன்று நன்றாயிருந்த வேறு வால்வு இப்போது கெட்டிருக்கலாம். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, வியாதியின் போக்கு அது. பெண்களுக்கு, அதுவும் பல பிரசவம் ஆனவர்களுக்கு, இடுப்புக்குள் உள்ள சிரைகள் ஒழுகித் தொடை இடுக்கு, பிறப்புறுப்பு ஓரமாக இறங்கலாம். அப்போது காலில் எத்தனை அடைத்தாலும் மேலிருந்து நிரம்பிக்கொண்டே இருக்கும்.

எது என்று தெரியாமல் 'இன்னொரு லேசர்' என்று கையெழுத்துப் போடாதீர்கள். நின்ற நிலையில் புது ஸ்கேன் எடுத்து, பழைய ஸ்கேன் அறிக்கையையும் அன்றைய சிகிச்சைக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சிரை, எங்கிருந்து எங்கே, எத்தனை செ.மீ., எத்தனை ஜூல் என்று அந்தக் குறிப்பில் இருக்கும். கையில் இல்லையென்றால் செய்த இடத்தில் கேட்டு நகல் வாங்கிக்கொண்டு போங்கள்.